குருவில்லா வீடுகளும் போதகரில்லாச் சபையும்

கி. பி. 1658-ஆம் ஆண்டில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியார் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். கத்தோலிக்கக் குருக்கள் நாட்டைவிட்டு அகற்றப்பட்டனர். அவர்களுக்குப் புகலிடம் கொடுப்போர் மரண தண்டனைக்கு உள்ளாவர் என்று அறிவிக்கப்பட்டது. போர்த்துக்கேயர் கட்டிய ஆலயங்கள் சீர்திருத்தத் திருச்சபையின் கைக்கு மாறின. அன்று தொடங்கி, 1687-ஆம் ஆண்டில் கோவாவிலிருந்து யோசேப் வாஸ் அடிகளார் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேரும்வரை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அந்நாட்டுக் கத்தோலிக்கருக்கு நிலையான குருவும் இல்லை, திருப்பலியும் இல்லை, தமக்கென்று ஆலயமும் இல்லை. ஆயினும் அடிகளார் வந்தபோது அங்கே கத்தோலிக்கர் இருந்தனர்.

மறுபுறம், ஒல்லாந்தர் ஆட்சி முடிவுற்ற 1796-ஆம் ஆண்டுவரை அரசின் ஆதரவு முழுவதையும் பெற்றிருந்த சீர்திருத்தத் திருச்சபையின் நிலை யாது? பத்தாண்டுகள் கழித்து, 1806-இல் யாழ்ப்பாணத்திற்கு வந்த கிளாடியஸ் புக்கானன், மாகாணம் முழுவதிலும் தனித்த ஒரு மிஷனெரியைத் தவிர ஐரோப்பியப் புரொட்டஸ்டண்டு குருவானவர் எவரும் இல்லை என்றும், யாழ்ப்பாண நகரில் சுவார்ட்சு ஐயரின் மாணவராகிய கிறிஸ்தியான் தாவீது என்னும் தமிழ் உபதேசியார் ஒருவரே போதித்தார் என்றும் எழுதினார். பதினெட்டாம் நூற்றாண்டில் ஏட்டளவில் இலட்சக்கணக்கானோரைக் கொண்டிருந்த ஒரு சபை ஒரு பத்தாண்டில் மறைந்தது எங்ஙனம்?

இவ்விரு செய்திகளையும் அருகருகே வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். கத்தோலிக்க விசுவாசம் அன்றாட வாழ்வில் பேணப்பட்ட முறை நமக்கு எதற்கு என்று வாசகர் கேட்கலாம். மறைந்துபோன சபை நம் வழியைச் சேர்ந்தது. வேதத்தைத் தமிழில் தந்த சபை. பள்ளிகள் நடத்திய சபை. அதன் வீழ்ச்சிக்குக் காரணம் காணாமல் நாம் நம் சபைகளின் வளர்ச்சியைப் பற்றிப் பேசுவது முறையாகாது.

1. வழங்கிவரும் விளக்கங்கள்

இந்நிகழ்ச்சிக்கு இருவகை விளக்கங்கள் வழங்கிவருகின்றன. முதலாவது நம் தரப்பாரின் விளக்கம். இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், இலங்கையில் கிறிஸ்தவத்தின் வரலாற்றைப் பற்றி 1850-இல் வெளியிட்ட நூலில் இதனைக் காணலாம். நிலவுரிமைக்கும் அரசுப் பதவிக்கும் ஞானஸ்நானத்தை நிபந்தனையாக்கியதால் ஒல்லாந்தர் பெயர்களைப் பெற்றனரேயன்றி உள்ளங்களைப் பெறவில்லை என்பது ஒரு பகுதி. கத்தோலிக்கச் சடங்குகளின் பகட்டு நாட்டு மக்களின் பழைய வழிபாட்டுக்கு ஒத்திருந்தமையால் அச்சமயம் அவர்களைக் கவர்ந்தது என்பது மற்றொரு பகுதி.

முதற்பகுதி உண்மை, ஆனால் அது மட்டும் போதாது. போர்த்துக்கேயரும் வாளும் சலுகையும் ஏந்தி வந்தவர்களே. 1619-இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றியபின் அவர்கள் கோயில்களை இடித்ததையும், சலுகை காட்டி ஞானஸ்நானம் கொடுத்ததையும் மறுப்பார் இல்லை. தொடக்கத்தில் இருந்த குற்றம் இரு சபைகளுக்கும் பொது. பொதுவான ஒரு காரணத்தைக் கொண்டு வேறுபட்ட இரு விளைவுகளை விளக்க இயலாது.

இரண்டாம் பகுதி அடிப்படையிலேயே தவறானது. 1658-க்கும் 1687-க்கும் இடையில் யாழ்ப்பாணக் கத்தோலிக்கரிடம் எந்தப் பகட்டு எஞ்சியிருந்தது? ஆலய மணி இல்லை, தூபம் இல்லை, தேர்ப்பவனி இல்லை, பூசை உடை அணிந்து பீடத்தில் நிற்கக் குருவே இல்லை. பொலிவனைத்தும் பறிக்கப்பட்ட காலத்திலேயே அவர்களுடைய விசுவாசம் நிலைத்தது. ஆகவே நிலைபேற்றுக்குக் காரணம் பொலிவு எனல் பொருந்தாது.

இரண்டாவது, கத்தோலிக்கரின் விளக்கம். அது யோசேப் வாஸ் அடிகளாரின் பெருவாழ்வை மையமாகக் கொண்டது. சே. ச. குருவாகிய எஸ். ஜி. பெரேரா எழுதிய வரலாறு முதல், 2015-ஆம் ஆண்டு சனவரி 14-ஆம் நாள் கொழும்பில் போப்பு பிரான்சிசு அவரைப் புனிதராக அறிவித்தபோது எழுதப்பட்ட கட்டுரைகள்வரை, அழிந்துகொண்டிருந்த ஒரு திருச்சபையைத் தனியொருவர் மீட்டார் என்ற கருத்தே மேலோங்கி நிற்கின்றது. அடிகளாரின் அருந்தொண்டை நாம் குறைத்து மதிப்பிட வேண்டுவதில்லை. 1711-இல் கண்டியில் உயிர் நீக்கும்வரை அவர் கால்நடையாய்க் காடும் மேடும் கடந்து உழைத்தார். ஆயின் அவ்வரலாற்றாசிரியர்களே தரும் ஒரு செய்தி அவர்களுடைய விளக்கத்தைத் திருத்துகின்றது. அடிகளார் கழுத்தில் செபமாலை அணிந்து பிச்சைக்காரராய் வீடு வீடாகச் சென்றார் என்றும், அம்மாலையைக் கண்டவர்களின் முகக்குறியைக் கொண்டே கத்தோலிக்கர் இன்னார் என அறிந்தார் என்றும், பின்னர்ச் சில்லாலை என்னும் ஊரில் தங்கினார் என்றும் அவர்கள் எழுதுகின்றனர். அந்த மாலையை அடையாளம் காணும் கண்கள் முப்பது ஆண்டுகளாக அவ்வீடுகளில் இருந்தன என்பதன்றோ இதன் பொருள்! 1658-க்குப் பின் பிறந்தவர்களும் அவர்களிடையே இருந்திருப்பர். அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் யார்? குருக்கள் அல்லர். அடிகளார் விதைக்க வந்தவரல்லர். முளைத்து நின்ற பயிருக்கு நீர் பாய்ச்ச வந்தவர்.

ஆகவே புகழ்மாலையும் பழிச்சொல்லும் ஒரே பிழையைச் செய்கின்றன. இரண்டும் வீட்டைப் பார்க்கவில்லை.

2. வீடு காத்தவை

அவ்வீடுகளில் இருந்தவை எவை? மூன்றைக் குறிப்பிடலாம்.

முதலாவது, மனப்பாடமான செபம். முத்துக்குளித்துறையில் பணியாற்றிய என்றிக்கே என்றிக்கசு அடிகளார் 1578-இல் கொல்லத்தில் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ முதலே, தமிழ்க் கத்தோலிக்கருக்கு அடிப்படைச் செபங்கள் தமிழில் கிடைத்தன. பரலோக மந்திரம், பிரியதத்த மந்திரம், விசுவாச மந்திரம், உத்தம மனஸ்தாப மந்திரம் என்று அவற்றை ‘மந்திரம்’ என்றே வழங்கினர். எழுத்தறியாத தாயும் அவற்றைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க முடிந்தது. செபமாலைக்கு நூல் வேண்டியதில்லை, விளக்கொளியும் வேண்டியதில்லை. இருட்டில், தணிந்த குரலில், விரல்களால் எண்ணியே அதனைச் சொல்லி முடிக்கலாம். அடக்குமுறைக் காலத்திற்கு இதனினும் ஏற்ற வழிபாட்டு முறை வேறில்லை.

இரண்டாவது, ஊரில் நிலைத்த பொதுநிலைப் பணியாளர். மூப்பர், அண்ணாவியார் என்ற பெயர்கள் ஈழத்துக் கத்தோலிக்கரிடையே வழங்கியவை. மூப்பர் ஊர்ச் சபையின் பொறுப்பாளர். அண்ணாவி என்பது ஆசிரியரைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். செபம் சொல்லிக் கொடுப்பவரும் அண்ணாவி, கூத்துப் பழக்குபவரும் அண்ணாவி. வாஸ் அடிகளாரும் அவரைப் பின்தொடர்ந்து வந்த ஒராட்டரி சபைக் குருக்களும் இத்தகைய பணியாளரை ஊர்தோறும் ஏற்படுத்தி, தாம் வர இயலாத மாதங்களில் ஞாயிறு மன்றாட்டை நடத்தவும், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்பிக்கவும், மரிப்போர் அருகில் இருந்து செபிக்கவும் பொறுப்பளித்தனர். குரு வருகை தருபவர், அண்ணாவி இருப்பவர்.

மூன்றாவது, நாளும் இடமும். தவக்காலம், புனித வெள்ளி, புனிதர் திருநாள் என்ற ஆண்டு வட்டம் மீனவனின் பருவத்தோடும் உழவனின் பருவத்தோடும் பின்னிக் கிடந்தது. மாந்தையிலிருந்து இருபது குடும்பத்தார் மாதாவின் சொரூபத்தைச் சுமந்துகொண்டு 1670-ஆம் ஆண்டளவில் வன்னிக் காட்டிற்குள் புகலடைந்தனர் என்றும், அதிலிருந்தே மருதமடுத் திருப்பதி தோன்றியது என்றும் மரபு கூறுகின்றது. தமிழ் நிலத்தின் பெரும் யாத்திரைத் தலங்களுள் ஒன்று குருக்கள் நிறுவியதன்று. ஓடி ஒளிந்த குடும்பங்கள் கொண்டுசென்றது. பிற்காலத்தில் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார், 1705-இல் இலங்கை வந்தபின், இம்மக்களுக்காகத் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் யாத்தார். கிறிஸ்துவின் பாடுகளைப் பற்றிய அவருடைய ‘வியாகுலப் பிரசங்கம்’ தவக்காலத்தில் கூட்டமாக இருந்து வாசிக்கவும் கேட்கவும் பயன்பட்டது. மன்னாரிலும் யாழ்ப்பாணக் கரையோரத்திலும் வளர்ந்த மூவிராசாக்கள் நாடகம், ஞானசவுந்தரி நாடகம் முதலிய கூத்துகளும் இவ்வகையில் சேர்ந்தவையே. மறைக்கல்வி அங்கே வகுப்பறையில் நிகழவில்லை. இரவில், ஊர்நடுவில், பாட்டோடும் அழுகையோடும் நிகழ்ந்தது.

3. தோம்பில் நின்ற சபை

இனிச் சீர்திருத்தத் திருச்சபையைப் பார்ப்போம். அதனை ஏளனம் செய்வது எளிது, நேர்மையன்று. 1658 முதல் 1665 வரை யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய பிலிப்பு பால்டேயசு, ஊர்தோறும் பள்ளிகளை அமைப்பதிலும் தமிழைக் கற்பதிலும் அக்கறை காட்டினார். ஒல்லாந்தர் நல்லூரிலும் கொழும்பிலும் செமினரிகளை நிறுவினர். பிலிப்பு தெ மெல்லோ என்ற தமிழர் போதகராக அபிஷேகம் பெற்றார்; அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1759-இல் கொழும்பில் அச்சேறியது. அக்காலத்தில் கத்தோலிக்கரிடம் அச்சிட்ட தமிழ்ப் புதிய ஏற்பாடு இல்லை. கல்வி, வேதம், தாய்மொழி என்று நாம் போற்றும் மூன்றும் அச்சபையிடம் இருந்தன.

இருந்தும் அச்சபை எங்கே வாழ்ந்தது? பள்ளியிலும் பள்ளித் தோம்பிலும் வாழ்ந்தது. பிள்ளைகளின் பெயர் தோம்பில் பதியப்பட்டது. வருகை குறிக்கப்பட்டது, வராதவருக்குத் தண்டம் விதிக்கப்பட்டது. ஞானஸ்நானப் பதிவு இன்றேல் திருமணம் செல்லாது, சொத்துரிமைக்கும் தடை. பள்ளி ஆசிரியர் மனப்பாடப் பாடம் கேட்டார். அச்சடித்த பிரசங்கத்தை ஞாயிறுதோறும் வாசித்தார். பள்ளிக் கதவு சாத்தப்பட்டதும் அம்மக்கள் தத்தம் வீட்டிற்குச் சென்றனர். அங்கே சிலர் செபமாலை சொன்னார்கள். மிகப் பலர் திருநீறு அணிந்தார்கள்.

இதற்குச் சான்றாக டெனன்ட் எடுத்துக்காட்டும் 1760-ஆம் ஆண்டுக் கணக்கு ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்தில் கிறிஸ்தவர் எனப் பதியப்பட்டோர் 1,82,226 பேர். அவர்களுள் திருவிருந்தில் பங்கு பெறும் முழு உறுப்பினர் 64 பேர். மன்னாரில் 9,820 பேருள் 5 பேர். இவ்வெண்களைப் படிக்கும்போது நமக்குத் திகைப்பு உண்டாகின்றது. அறிவும் நடக்கையும் சோதிக்கப்படாமல் ஒருவரையும் திருவிருந்திற்கு அனுமதிக்கலாகாது என்ற கண்டிப்பு நல்ல நோக்கமுடையதே. ஆனால் அதே சபை, ஞானஸ்நானத்தை மட்டும் எவ்விதக் கண்டிப்புமின்றி அரசுப் பதிவாக்கிவிட்டது. ஒரு வாயிலை அகலத் திறந்து, மற்றொரு வாயிலை அடைத்து, இடையில் இலட்சம் பேரை நிறுத்திவைத்த நிலை இது. இடையில் நின்றோருக்கு வீட்டில் செய்வதற்கென்று அச்சபை ஒன்றும் கொடுக்கவில்லை.

4. உபதேசமும் நடைமுறையும்

இங்கு நம் உபதேசத்தைத் தொடும் ஒரு முரண்பாட்டைக் கருத வேண்டும். எல்லா விசுவாசிகளும் ஆசாரியர்களே என்று முழங்கியது நம் சபை. குருத்துவப் படிநிலையை வலியுறுத்தியது உரோமைச் சபை. ஆயினும் குரு இல்லாதபோது வாழ முடிந்தது எது? உரோமைச் சபையே.

காரணம் அவர்களுடைய உபதேசத்திலேயே உண்டு. மரண ஆபத்தில் எந்த மனிதரும், பெண்ணாயினும், ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று அச்சபை போதித்தது. ஆகவே குழந்தை பிறந்த வீட்டில் மருத்துவச்சியும் திருச்சபையின் பணியாளராக முடிந்தது. பாவசங்கீர்த்தனம் கேட்கக் குரு இல்லாவிடில், உத்தம மனஸ்தாபத்தோடு செபித்து இறைமன்னிப்பில் நம்பிக்கை வைக்கலாம் என்றும் போதித்தது. நம் சீர்திருத்தரோ, குறிப்பாகக் கால்வின், பெண்கள் கொடுக்கும் அவசர ஞானஸ்நானத்தைக் கடுமையாக மறுத்தனர். ஞானஸ்நானம் இரட்சிப்புக்கு இன்றியமையாத மாயச்சடங்கு அன்று என்ற உயர்ந்த எண்ணத்தினாலேயே அவ்வாறு மறுத்தனர். ஆனால் நடைமுறையில் விளைந்தது என்ன? ஐரோப்பியப் போதகர் வரும் நாளுக்காக ஊரே காத்துக்கிடந்தது. அவர் மொழியறியாதவராயின் அவருடைய வருகையும் பயன் தரவில்லை. உபதேசத்தில் எல்லாரும் ஆசாரியர். நடைமுறையில் போதகரும் தோம்பும் தவிர வேறெதுவும் இல்லை.

உபதேசம் தவறென்பது இதன் பொருளன்று. ஓர் உபதேசம் வீட்டில் செய்யத்தக்க செயலாக மாறாவிடின் அது ஏட்டிலேயே கிடக்கும் என்பதே இதன் பொருள். ஆசாரியத்துவம் எல்லாருக்கும் உரியதெனில், ஒவ்வொரு வீட்டிலும் ஆசாரியர் செய்யும் வேலை ஒன்று இருத்தல் வேண்டும்.

5. காத்த சுவரே அடைத்த சுவர்

இதுவரை கூறியதைக் கொண்டு, நிலைத்ததெல்லாம் நல்லது என்று முடிவு செய்வோமாயின் பெரும் பிழை செய்தவராவோம். வீட்டில் நிலைத்தது கத்தோலிக்கம் மட்டுமன்று. சைவமும் அவ்வாறே நிலைத்தது. விரத நாளில் உணவருந்திய வாழையிலையை அதிகாரிகளின் கண்ணில் படாமல் கூரை இறப்பில் செருகி மறைத்தனர் என்பது யாழ்ப்பாணத்துச் சைவரிடையே வழங்கும் பழஞ்செய்தி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் எழுப்பிய சைவ மறுமலர்ச்சிக்கு அடித்தளம் அவ்வீடுகளே. ஆகவே நிலைபேறு சத்தியத்திற்குச் சான்றாகாது. வீடு தனக்குக் கொடுக்கப்பட்டதைக் காக்கும். நல்லதையும் காக்கும், தீயதையும் காக்கும்.

வீடு காத்த தீமைகளுள் முதன்மையானது சாதி. கடல் கடந்து தமிழ்நாட்டு முத்துக்குளித்துறையிலும் இதே வரலாறு நிகழ்ந்தது. தூத்துக்குடியை ஒல்லாந்தர் 1658-இல் கைப்பற்றியபின், அங்கிருந்த பரதவ மக்களைச் சீர்திருத்தச் சபைக்கு இழுக்கப் பால்டேயசு முயன்றார், இயலவில்லை. அம்மக்களைக் கட்டிக் காத்தது விசுவாசம் மட்டுமன்று. சாதித் தலைவரின் கீழ் அமைந்த குலக்கட்டுப்பாடும் சேர்ந்தே காத்தது. குலமும் சபையும் ஒன்றானபோது வெளியிலிருந்து வந்த அடியைத் தாங்க முடிந்தது. ஆனால் வெளியிலிருப்பவனை உள்ளே ஏற்பது அரிதாயிற்று. வாஸ் அடிகளார் சார்ந்திருந்த கோவா ஒராட்டரி சபையும் தொடக்கத்தில் பிராமண வழியினரான குருக்களையே உறுப்பினராகக் கொண்டிருந்தது. அடிகளார் நோயாளிகளையும் ஏழைகளையும் தம் கையால் பேணியவர். ஆயினும் அவருடைய சபையின் வாயிலில் சாதி நின்றது.

இதற்கும் அவ்வீட்டுச் செபத்திற்கும் தொடர்பு உண்டு என்பது என் கருத்து. செபமாலையின் பதினைந்து தேவ இரகசியங்களும் சந்தோஷம், துக்கம், மகிமை என மூன்று பிரிவாக அமைந்திருந்தன. பன்னிரண்டு வயதில் இயேசு தேவாலயத்தில் காணப்பட்டதோடு முதற்பிரிவு முடியும். அடுத்தது கெத்செமனேத் தோட்டத்தில் தொடங்கும். இடைப்பட்ட திருப்பணி முழுவதும் அதில் இல்லை. தொழுநோயாளியைத் தொட்ட இயேசு இல்லை. சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்ட இயேசு இல்லை. ஆயக்காரரோடு பந்தியமர்ந்த இயேசு இல்லை. ஒரு தமிழ் ஊரில் எவர் எவரைத் தொடலாம், எவர் கையில் தண்ணீர் வாங்கலாம், எவரோடு உண்ணலாம் என்பவையே சாதியின் கேள்விகள். அக்கேள்விகளுக்கு விடையாகிய இயேசுவே மாலைச் செபத்தில் விடுபட்டிருந்தார். குழந்தை இயேசுவையும் பாடுபடும் இயேசுவையும் அவ்வீடுகள் நெஞ்சாரக் காதலித்தன. கலிலேயாவில் நடந்த இயேசுவோடு அவை பழகவில்லை. திருப்பணிக் காலத்தைச் சேர்ந்த ஒளியின் தேவ இரகசியங்களைப் போப்பு இரண்டாம் யோவான் பவுல் 2002-இல்தான் சேர்த்தார்.

இதைக் கூறி நாம் பெருமை கொள்ள வழியில்லை. நாம் ஞாயிறுதோறும் அறிக்கையிடும் அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணமும் ‘கன்னிமரி’யிலிருந்து ‘பொந்தியு பிலாத்து’க்கு ஒரே அடியில் தாவுகின்றது. வேதம் முழுவதும் நம் கையில் இருந்தும், 1718-இல் கட்டப்பட்ட தரங்கம்பாடிப் புதிய எருசலேம் ஆலயத்தில் சாதிவாரியான இருக்கை இருந்தது. 1833-இல் பேராயர் தானியேல் வில்சன் திருச்சபையில் சாதியை ஒழிக்க ஆணையிட்டபோது, தஞ்சையில் உயர்சாதிக் கிறிஸ்தவர் பலர் சபையை விட்டே விலகினர். வாசிக்கப்பட்ட வேதமும் வீட்டு வாசற்படியைத் தாண்டவில்லை.

6. இன்றைய முயற்சிகளைப் பற்றி

உரோமைச் சபை இக்குறையைத் தானே உணர்ந்து திருத்த முயன்றுவருகின்றது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் வெளியிட்ட திருச்சபை பற்றிய கோட்பாட்டு விளக்கம், குடும்பத்தை ‘வீட்டுத் திருச்சபை’ என அழைத்தது. 1965-இல் வெளிவந்த இறைவெளிப்பாடு பற்றிய விளக்கம், விசுவாசிகள் அனைவரும் வேதத்தைப் படிக்குமாறு வேண்டிக்கொண்டது. வீடும் வேதமும் அங்கே கைகோத்தன. ஆறாம் பவுல் 1975-இல் அடித்தளச் சமூகங்களை வரவேற்றார். ஆசிய ஆயர்களின் கூட்டமைப்பு 1990-இல் இந்தோனேசியாவிலுள்ள பாண்டுங்கில் கூடி, பங்கு என்பது சிறு சமூகங்களின் ஒன்றிப்பாக வேண்டும் என்ற நோக்கை முன்வைத்தது. தமிழ்ப் பங்குகளில் இது ‘அன்பியம்’ என்ற அழகிய பெயரைப் பெற்றது. அண்டை வீட்டார் சிலர் கூடுகின்றனர், வேதப் பகுதியை வாசிக்கின்றனர், தம் தெருவின் துன்பங்களைப் பகிர்ந்துகொள்கின்றனர், வேண்டுகின்றனர்.

இதனைப் பாராட்டும் அதே வேளையில் ஒரு வினா எழுகின்றது. அன்பியம் அண்டை வீடுகளால் ஆனது. தமிழ்நாட்டுச் சிற்றூரில் அண்டை வீடு யாருடையது? தெருக்கள் சாதியால் பிரிந்திருக்கும் ஊரில், அண்டைமையை அடிப்படையாகக் கொண்ட சமூகம் தானாகவே ஒருசாதிச் சமூகமாகிவிடும். ‘எனக்குப் பிறன் யார்’ என்ற வேதபாரகனின் கேள்விக்கு இயேசு அண்டை வீட்டானைக் காட்டவில்லை. வழியில் வந்த சமாரியனைக் காட்டினார். ஆகவே வீட்டுத் திருச்சபை என்பது உண்மையாகத் திருச்சபையாக வேண்டுமாயின், அது அவ்வப்போது வேறு தெருவிலுள்ள வீட்டில் கூடியே ஆக வேண்டும். அங்கே தண்ணீர் வாங்கிக் குடித்தே ஆக வேண்டும். இது கத்தோலிக்கருக்கு மட்டும் சொல்லும் அறிவுரையன்று. நம் சபைகளில் நடக்கும் வீட்டுக் கூட்டங்களுக்கும் தெரு ஜெபங்களுக்கும் இது முற்றும் பொருந்தும்.

7. நமக்குரிய பணி

வீட்டில் விசுவாசத்தை வளர்ப்பது உரோமையிடமிருந்து கடன் வாங்க வேண்டிய சரக்கன்று. மார்ட்டின் லுத்தர் 1529-இல் சிறிய ஞானோபதேசத்தை எழுதியபோது, வீட்டுத் தலைவர் தம் வீட்டாருக்கு எளிய முறையில் கற்பிக்க வேண்டியது என்றே அதன் பகுதிகளுக்குத் தலைப்பிட்டார். ஸ்காத்லாந்துத் திருச்சபை 1647-இல் குடும்ப வழிபாட்டிற்கென்றே ஒரு நெறிமுறையை ஏற்றது. நம் முன்னோர் வீட்டிற்குக் கொடுத்ததை நாம் பள்ளிக்குக் கொடுத்தோம். பின்னர் ஞாயிறு பள்ளிக்குக் கொடுத்தோம். இறுதியில் போதகருக்குக் கொடுத்தோம்.

2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது ஆலயங்கள் மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தன. அது நம் வீடுகளுக்கு வந்த சோதனை. பல சபைகள் அன்று செய்தது என்ன? ஆயரின் பிரசங்கத்தைக் கைப்பேசி வழியே வீட்டிற்கு அனுப்பினோம். அது தேவையான தொண்டே. ஆயினும் அதனால் வீடு வழிபடும் இடமானதா, அன்றி வழிபாட்டைப் பார்க்கும் இடமானதா? முப்பது ஆண்டுகள் அன்று. மூன்று மாதங்களுக்கே நம் வீடுகளில் பலவற்றில் சொந்தமாகச் சொல்லும் மன்றாட்டு ஒன்று இல்லாமற்போயிற்று.

இறையியல் மாணவர்கள் இதனைச் சிந்திக்க வேண்டும். பிரசங்கக் கலையைக் கற்கின்றோம், வழிபாட்டியலைக் கற்கின்றோம். ஆனால் ஒரு தாய் படுக்கைக்குச் செல்லும் பிள்ளையோடு சொல்லத்தக்க மூன்று வரி மன்றாட்டைத் தமிழில் எழுதக் கற்கின்றோமா? சாவு வீட்டில் ஆயர் வந்து சேரும்வரை வாளாவிருக்கும் உறவினர்க்கு, தாமே நடத்தத்தக்க ஒரு மன்றாட்டு முறையைக் கொடுத்திருக்கின்றோமா? அம்மன்றாட்டுகளில் கலிலேயாவின் இயேசு, தொட்டவரும் உடனுண்டவருமாகிய இயேசு, இடம் பெறுகின்றாரா? ஒரு சேகரத்தில் பல ஊர்கள் அடங்கியிருக்க, ஆயர் சிலமுறை மட்டும் வந்துபோகும் ஊர்களில், அண்ணாவியாரைப் போல இருப்பவர் யார்? உபதேசியார் என்ற பழம் பணியைச் சம்பளச் செலவாகக் கருதிக் குறைத்த பேராயங்கள், அதன் இடத்தில் வேறு எதனை வைத்தன?

பெருந்திட்டங்கள் வேண்டுவதில்லை, ஒரு சிறு மாற்றத்திலிருந்து தொடங்கலாம். ஓர் ஆயர் ஒரு சேகரத்திலிருந்து மாற்றலாகிச் செல்லும்போது, பின்வருபவரிடம் ஏடுகளை ஒப்படைக்கின்றார். ஞானஸ்நானப் பதிவேடு, திடப்படுத்தல் பதிவேடு, திருமணப் பதிவேடு, அடக்கப் பதிவேடு, கணக்குப் புத்தகம் என யாவும் அதில் உண்டு. அவை தோம்புகள், அவையும் தேவையே. அவற்றோடு இன்னும் ஒரு தாள் சேர வேண்டும். இவ்வூரில் ஆயரின்றி மன்றாட்டு நடத்தத் தெரிந்தவர் யார் யார், நோயாளியிடம் சென்று வேதம் வாசிப்பவர் யார், பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் பாட்டி எவர், எந்த வீட்டில் எல்லாத் தெருவாரும் வந்து அமர முடிகின்றது என்ற விவரங்கள் அத்தாளில் இருக்கட்டும். இப்பொழுது பணியிலிருக்கும் ஆயர் ஒவ்வொருவரும் தம் சேகரத்திற்கு அத்தாளை எழுதிப் பார்ப்பாராக. அதில் எத்தனை பெயர்கள் வருகின்றனவோ, அத்தனை வேர்கள் நம் சபைக்கு உண்டு.